நோஞ்சான் முதலைகள்

மார்ச் முதல் வாரத்தில் நோலீன் பதினொரு முதலைக் குஞ்சுகளை ஐஸ்பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பெட்டிக்குள் ஐஸ் எதுவும் கிடையாது. அடியில் வெதுவெதுப்பான ஈரத் துண்டு, அதன் மேல் குஞ்சுகள், அவற்றின் மேல் இன்னொரு துண்டு. ஒவ்வொன்றும் ஒரு முழம்கூடத் தேறாது. கூடப் பொரித்தவை எல்லாம் தின்று கொழுத்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருக்க, இவை மட்டும் தொட்டியின் மூலையில் முதுகெலும்பு துருத்தக் கிடந்தன. பண்ணையில் இதற்கு ஒரே வைத்தியம்தான். மூன்று மாதம் ஆகியும் எடை ஏறாத குஞ்சைத் தலையில் ஒரு தட்டுத் தட்டி வாளியில் போட்டுவிடுவார்கள்.

நோலீனுக்கு அது ஆகாது. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பண்ணையின் குஞ்சுக் கொட்டகையில் வேலை பார்க்கிறாள். இரண்டு ஆள் நீளப் பெரிய முதலையின் வாயைக் கட்டும்போதும் கை நடுங்காத பொம்பளை, நோஞ்சான் குஞ்சை மட்டும் தட்ட மாட்டாள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் பத்துப் பன்னிரண்டை வீட்டுக்குத் தூக்கிவந்து, பழைய குளியல் தொட்டியில் விட்டு, ஊட்டி வளர்த்து, பாதிக்கு மேல் தேற்றித் திருப்பிக் கொடுத்துவிடுவாள். முதலாளி நோமிகோஸுக்கு இது தெரியும். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அவன் மூக்கொழுகிக்கொண்டு அப்பாவின் பின்னால் திரிந்தவன்.

"எடுத்துட்டுப் போ. நான் பாக்கல," என்பான். "செத்தா உன் குஞ்சு, பொழச்சா என் குஞ்சு."

"பொழைக்கும். உன்னையே பொழைக்க வெச்சவ நான். ஒன்பது வயசுல வேலிக்கு மேல ஏறினவன் கால உள்ள தொங்கப் போட்டியே, யாருடா இழுத்தா?"

"அத இன்னும் எத்தன வருஷம் சொல்லுவ?"

"சாகிற வரைக்கும்."

வீடு டார்வின் நகரத்துக்கு வெளியே ஹம்ப்டி டூ என்கிற ஊரில், இரும்புத் தூண்கள் மேல் நிற்கும் பழைய வீடு. கீழ்த்தளம் நாலு பக்கமும் திறந்தது. சிமென்ட் தரை, துணி துவைக்கும் இயந்திரம், குளியல் தொட்டி, புருஷன் உட்காரும் நாற்காலி, அவர் தலைக்கு மேல் ஒரு மின்விசிறி. வேலிக்கு அந்தப் பக்கம் ஆளுயரப் புல், புல்லுக்கு அந்தப் பக்கம் சதுப்பு. மழைக்காலத்தில் சதுப்பு வேலி வரைக்கும் வந்துவிடும்.

மெர்வ் அவள் புருஷன். முப்பது வருஷம் மூன்று பெட்டி கோத்த லாரி ஓட்டி, இடுப்பெலும்பு தேய்ந்து, வீட்டோடு உட்கார்ந்தவர். பகலெல்லாம் அந்தக் கீழ்த்தளத்தில்தான் வாசம். அரை டவுசர், வெறும் கால், கையில் ஐஸ் காபி அட்டைப்பெட்டி, தலைக்கு மேல் முழு வேகத்தில் மின்விசிறி. மின்விசிறி இல்லாமல் அவருக்கு உட்காரவும் வராது, தூங்கவும் வராது. ஜூலைக் குளிரிலும் கம்பளியைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு மேலே அதைச் சுழலவிடுகிற ஆள். லாரியில் முப்பது வருஷம் ஜன்னலோரக் காற்றில் உட்கார்ந்த பழக்கம் என்பார்.

குஞ்சுகள் வந்தால் அந்த வீட்டின் சட்டம் மாறிவிடும். முதலைக் குஞ்சுக்குத் தண்ணீர் முப்பத்திரண்டு டிகிரி இருக்க வேண்டும். மேலே காற்று அடித்தால் நனைந்த முதுகு குளிர்ந்துவிடும், குளிர்ந்தால் தின்னாது, தின்னாமல் ஒரு வாரம் கிடந்தால் அதோடு சரி. கொசுவர்த்திப் புகையும் ஆகாது, மருந்து அடிக்கவும் கூடாது. ஒரு வருஷம் பக்கத்து வீட்டுக்காரன் அடித்த மருந்து காற்றில் வந்து ஆறு குஞ்சு ஒரே நாளில் மல்லாந்துவிட்டன.

"ஃபேன நிறுத்திட்டேன், மெர்வ். தொடாத."

"அடியே கெழவி, நான் மனுஷன்டி. என்னையும் முப்பத்திரண்டு டிகிரில வெச்சு கறி ஊட்டு பாப்போம்."

"ஒனக்கு எடை ஏற வேண்டிய அவசியம் இல்ல. வயித்தப் பாரு."

"கொசு தூக்கிட்டுப் போகுதுடி."

"போனாப் போகட்டும். திருப்பிக் கொண்டாந்து போட்டுரும், ஒன்ன எவன் வெச்சுக்குவான்?"

அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். நாற்பத்தோரு வருஷக் கல்யாணத்தில் நேராகப் பேசியது குறைவு. சுவிட்ச் அவர் நாற்காலிக்குப் பின்னால் தூணில்தான் இருந்தது. உட்கார்ந்தபடியே கையை நீட்டினால் போதும். நோலீன் காலை ஆறு மணிக்குப் பண்ணைக்குப் போனால் மாலை நாலுக்குத்தான் வருவாள்.

நோஞ்சான்களைத் தின்ன வைத்ததும் மெர்வ்தான். தாய் முதலை குஞ்சைக் கூப்பிடுகிற மாதிரி தொண்டைக்குள்ளிருந்து ஒரு உறுமல் போடுவார். பாதி ஏப்பம், பாதி லாரி எஞ்சின். அதைக் கேட்டதும் மூலையில் கிடந்தவை தலையைத் தூக்கி, "ஞக், ஞக்" என்று பதில் கொடுத்துக்கொண்டு நீந்திவரும். அவர் விரல் நுனியில் கோழிக் கொத்துக்கறியை வைத்து நீட்டுவார். காலையில் ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை. குஞ்சுக்குப் பசிக்கிற அதே நேரம்தான் கொசுவுக்கும். குஞ்சுகளின் கண்ணிமையில் கொசு வரிசையாக உட்கார்ந்து குடிப்பதை மெர்வ் அவளுக்குக் காட்டினார்.

"பாரு நோல், தோல் தடிப்பா இருக்குன்னு கண்ணோரமாப் பாத்துக் குத்துது. மூளைக்காரக் கொசு."

"ஒன் மேல உக்காந்தது?"

"எனக்கு எங்க வேணாலும் குத்தலாம். நான் இளகின மனசுக்காரன்."

அந்த மாதம் வானொலியில் தினமும் சொன்னார்கள். கொசுவால் நோய் வருகிறதா என்று பார்க்க அங்கங்கே வளர்க்கும் கோழிகளின் ரத்தத்தில் வைரஸ் தென்பட்டிருக்கிறது, பொழுது சாயும் நேரத்தில் கை கால் மூடி இருங்கள் என்று. ஒவ்வொரு மழைக்காலமும் சொல்வதுதான். நோலீன் கொட்டகையில் வேலையாக இருந்தபடி அதைக் கேட்டாள், அதோடு விட்டாள். பதினொன்றில் நாலு செத்து, ஏழு தேறின. ஏழும் நன்றாகத் தின்றன.

ஏப்ரலில், மழையின் கடைசிப் புயல் வந்து புல்லையெல்லாம் படுக்கப் போட்ட வாரத்தில், மெர்வுக்குத் தலைவலி வந்தது. இரண்டு நாள் மாத்திரை போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் சனிக்கிழமை. நோலீன் படியிறங்கி வந்தபோது அவர் ஐஸ் காபி அட்டையைக் கையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, படம் பாக்குறியா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இத எப்பிடித் திறக்குறது?" என்று கேட்டார். விளையாட்டில்லை. ஒரு நாளைக்கு நாலு அட்டை திறக்கிற மனிதர் அதைக் கேட்டதும் அவள் அவர் நெற்றியில் கையை வைத்தாள். உடம்பு கொதித்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் வலிப்பு வந்துவிட்டது.

டார்வின் ஆஸ்பத்திரியில் மூளைக்காய்ச்சல் என்றார்கள். முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள், தொண்டைக்குள் குழாய் விட்டார்கள். மகன் டாரில் கேத்ரின் ஊரிலிருந்து மூன்று மணி நேரத்தில் வந்து சேர்ந்தான். அங்கே சாலை சமப்படுத்தும் வண்டி ஓட்டுகிறவன். வேலை உடுப்போடு, முகமெல்லாம் செம்மண்ணோடு வந்து நின்றான். இளவயது டாக்டர் ஒருத்தி ஒரு தாளை வைத்துக்கொண்டு நோலீனிடம் வரிசையாகக் கேட்டாள்.

"இது கொசு மூலமா வர்ற கன்ஜின் வைரஸ் மாதிரி இருக்கு. அதான் கேக்குறேன். வீட்டைச் சுத்தி சதுப்பு இருக்கா?"

"இருக்கு."

"சாயங்காலத்துல வெளிய உக்காருவாரா?"

"கீழ்த்தளத்துல உக்காருவாரு."

"கொசுவுக்கு என்ன பண்ணுவீங்க? வலை, கொசுவர்த்தி, ஃபேன் ஏதாவது?"

டாரில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். நோலீன் வாயைத் திறந்தாள். "எல்லாம் உண்டு. ஃபேன் எப்பவும் ஓடும்," என்றாள். டாக்டர் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்து, "எதுவா இருந்தாலும் வைத்தியம் ஒண்ணுதாங்க. இதுக்கு மருந்து கிடையாது. உடம்பு தானாத் தாங்கணும்," என்றாள். அப்படியானால் பொய்யால் ஒன்றும் கெட்டுவிடவில்லை என்று நோலீன் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அது அவளுக்குக் கொஞ்சமும் ஆறுதலாக இல்லை.

அந்த நாட்களில் பண்ணையிலும் அதே பேச்சுதான். உரித்த தோலை வெளிச்ச மேசையில் விரித்தால் அடிவயிற்றில் சின்னச் சின்னக் குழிகளாகத் தெரிந்தன. அப்படிப்பட்ட தோலைக் கைப்பை செய்கிறவர்கள் வாங்க மாட்டார்கள். கொசு கடித்துப் பரவும் கன்ஜின்தான் அந்தக் குழிகளுக்குக் காரணம் என்று சொல்லி, நோமிகோஸ் லியன் என்கிற கால்நடை டாக்டரை வரவழைத்திருந்தான். லியன் குட்டையான, சுறுசுறுப்பான பெண். முதலையின் கழுத்துக்குப் பின்னால் ஊசி போட்டு ரத்தம் எடுப்பதை நூல் கோக்கிற மாதிரி செய்வாள். மெர்வ் விழுந்து ஐந்தாம் நாள், மாற்றுத் துணி எடுக்க வந்த வழியில் நோலீன் பண்ணைக்குள் நுழைந்தாள். நேராக லியனிடம் போனாள்.

"முதலைக்கு அந்த வைரஸ் வந்தா, அதக் கடிச்ச கொசு மனுஷனக் கடிச்சா, மனுஷனுக்கு வருமா?"

லியன் கையுறையைக் கழற்றினாள். "வரலாம்னுதான் நினைக்கிறோம். பறவைகிட்டேருந்து வர்றது நிச்சயம். முதலை ரத்தத்துல, அதுவும் குஞ்சு ரத்தத்துல, கொசுவுக்கு ஒட்டிக்கிற அளவு வைரஸ் ஏறுமான்னு பாத்துட்டிருக்கோம். ஏன் கேக்குறீங்க?"

"என் வீட்டுல ஏழு இருக்கு," என்றாள் நோலீன்.

அன்று மத்தியானமே லியன் வந்து ஏழிலும் ரத்தம் எடுத்துப் போனாள். இரண்டு நாளில் ஃபோன் வந்தது. ஏழில் ஐந்தின் ரத்தத்தில் வைரஸ் இருந்தது. ஆஸ்பத்திரியில் மெர்வின் முதுகுத் தண்டு நீரில் இருந்ததும் அதுவேதான்.

ஃபோனைக் கேட்டுக்கொண்டிருந்த டாரில் எழுந்து வீட்டுக்குப் பின்னால் இருந்த சாமான் கொட்டகைக்குப் போய் மண்வெட்டியோடு திரும்பி வந்தான். நோலீன் தொட்டிக்கு முன்னால் நின்றாள்.

"நகரும்மா."

"இதுங்க இன்னும் வேணும்னு லியன் டாக்டரம்மா சொல்லியிருக்கு. வாரத்துக்கு ரெண்டு தடவ ரத்தம் எடுக்கணுமாம். மூணு வாரம்."

"எங்கப்பன் அங்க கொழாய் மாட்டிக் கெடக்காரு. நீ இங்க இதுங்களுக்குக் கறி ஊட்டப் போறியா?"

"எனக்குத் தெரியணும்டா!" என்று கத்தினாள். "இதுங்கதானான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். தெரிஞ்சப்புறம் மண்வெட்டிய நானே வாங்கிக்கிறேன்."

டாரில் மண்வெட்டியைத் தரையில் விட்டெறிந்தான். குஞ்சுகள் சத்தத்தில் பயந்து அடியில் போய்ப் பதுங்கின.

லியன் கொடுத்த வலையைத் தொட்டியைச் சுற்றிக் கட்டினார்கள். அந்த மூன்று வாரமும் நோலீன் காலையில் குஞ்சுகளுக்கு ஊட்டுவாள், பகலில் ஆஸ்பத்திரியில் உட்காருவாள், சாயங்காலம் வந்து மறுபடி ஊட்டுவாள். வெறுத்துக்கொண்டே ஊட்டினாள். கறியை வைத்த விரலைக் குஞ்சு ஊசிப்பல்லால் கவ்வும்போது இந்த வாய்தான், இந்த ரத்தம்தான் என்று நினைத்துக்கொள்வாள். உண்மையைச் சொன்னால், அந்த வெறுப்பு அவளுக்கு உதவியாக இருந்தது. முதலைதான் செய்தது என்றால், தப்பு அவள் தூக்கிவந்ததில் இருக்கிறது, இரக்கப்பட்டதில் இருக்கிறது. இரக்கப்பட்டு ஏமாந்தவளாக ஒருத்தி எப்படியாவது வாழ்ந்துவிடலாம். டாரிலும் முதலையைத்தான் திட்டினான், அவளைத் திட்டவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நோமிகோஸும் தொப்பியைக் கசக்கிக்கொண்டு, "நான்தான் ஒன்ன எடுத்துட்டுப் போக விட்டேன், என்னைத் திட்டு," என்றான். ஆளாளுக்கு ஒரு பங்கு பழியை எடுத்துக்கொள்ள முன்வந்தார்கள். மின்விசிறியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் மெர்வ் கண் விழித்தார். தொண்டைக் குழாயை எடுத்தார்கள். ஆளை அடையாளம் தெரிந்தது. பேச்சு வந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் மேட்டில் ஏறுகிற லாரி போல மூச்சு வாங்கியது. கால்கள் கொஞ்சம் அசைந்தன. கைகள் இரண்டும் தோளிலிருந்து செத்துப்போயிருந்தன. எடுத்து மடியில் வைத்தால் மடியில் கிடக்கும், நழுவினால் தொங்கும். இனி அவை வராது என்று டாக்டர் டாரிலிடம் வராந்தாவில் சொன்னாள். டாரில் அதை அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்று அழுதான்.

மே மாதம் முதல் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு லியன் வீட்டுக்கு வந்தாள். டாரில் ஆஸ்பத்திரியில் அப்பாவுடன் இருந்தான். லியன் முகத்தில் சிரிப்பு இருந்தது. படியில் உட்கார்ந்து, பையிலிருந்து தாள்களை எடுத்தாள்.

"நல்ல சேதிங்க. உங்க குஞ்சுங்க இல்ல."

நோலீன் புரியாமல் பார்த்தாள். "ரத்தத்துல இருந்துச்சுன்னு சொன்னீங்களே."

"இருந்துச்சு. ஆனா பாருங்க, வைரஸ் உள்ள வந்து ஒரு வாரம் பத்து நாள்ல உடம்பு அதுக்கு எதிர்ப்பு உண்டாக்கிடும், அதுவும் ரத்தத்துலயே தெரியும். மொதல் தடவ எடுத்தப்ப இதுங்ககிட்ட எதிர்ப்பே இல்ல. அப்புறம்தான் வந்திருக்கு. அப்படின்னா அப்பதான் புதுசா வாங்கியிருக்குங்க. உங்க வீட்டுக்காரர் அதுக்கு முன்னாடியே காய்ச்சல்ல விழுந்துட்டாரு. அவர் உடம்புல அது நுழைஞ்சது இன்னும் ஒரு வாரமோ ரெண்டு வாரமோ முன்னாடி. குஞ்சுகிட்டேருந்து கொசு எடுத்து, அது கொசு உடம்புல முத்தி, அவரக் கடிக்கிறதுக்கு நாள் பத்தாது. தேதி ஒத்து வரவே இல்ல."

"பண்ணையிலயே வாங்கிட்டு வந்திருந்தா?"

"அதே தொட்டியில கூட இருந்த குஞ்சு அத்தனையும் சோதிச்சிட்டோம். ஒண்ணுத்துக்கும் இல்ல. குஞ்சுக் கொட்டகைக்கு வலை போட்டிருக்கே. பெரிய முதலைங்கதான் வெளிய கடி வாங்குது."

நோலீன் தொட்டியைப் பார்த்தாள். "அப்ப இதுங்க என் வீட்டுக்கு வரும்போது சுத்தம்."

"சுத்தம்."

"இங்க வந்து வாங்கியிருக்கு."

"ஆமா. சதுப்புலேருந்து வந்த கொசு. கொக்கு, நாரையக் கடிச்ச கொசு. அதுதான் அவரையும் கடிச்சிருக்கு, இதுங்களையும் கடிச்சிருக்கு. வேற வீட்டுல, வேற பண்ணையில முதலையிலேருந்து மனுஷனுக்குப் போகுமான்னா, போகலாம், எனக்குத் தெரியல. இங்க அப்படி நடக்கல. நீங்க நிம்மதியா இருங்க."

நிம்மதி! மூன்று வாரமாக ஏழு குஞ்சுகளின் தலையில் ஏற்றி வைத்திருந்த பாரத்தை அந்தப் பெண் இரண்டு தாளைக் காட்டி இறக்கிவிட்டாள். அது வேறு எங்கேயும் போகவில்லை. சதுப்பு நாற்பது வருஷமாக அங்கேயேதான் இருக்கிறது, கொசுவும் இருக்கிறது, மெர்வும் அதே நாற்காலியில்தான் இருந்தார். அந்த வாரங்களில் அவருக்கும் கொசுவுக்கும் நடுவில் இல்லாமல் போனது எது என்று யோசிக்க நோலீனுக்கு டாக்டர் பட்டம் வேண்டியிருக்கவில்லை.

"ஒண்ணு கேக்குறேன். ஃபேன் முழு வேகத்துல ஓடினா கொசு உக்காருமா?"

"ரொம்பக் கஷ்டம். கொசுவுக்குப் பறக்குற பலம் கம்மி. காத்தடிச்சா ஆள்கிட்டயே வராது." லியன் பேச்சோடு பேச்சாக மேலே பார்த்தாள். மின்விசிறியின் இறக்கைகளில் இரண்டு மாதத்து ஒட்டடை தொங்கியது. அவள் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. "அப்படியெல்லாம் நினைக்காதீங்க," என்று மட்டும் சொன்னாள்.

வைரஸ் பட்ட குஞ்சுகளைப் பண்ணைக்குத் திருப்பி அனுப்ப முடியாது. கூட இருந்த இரண்டையும் சேர்த்து ஏழையும் மூடி போட்ட பெட்டியில் லியன் எடுத்துப் போனாள், ஊசி போட்டுக் கொல்ல. ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தது நோலீன்தான். ஏழும் நல்ல எடை இருந்தன. அவள் கையைக் கண்டதும் தீனி என்று வாயைத் திறந்தன. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் குஞ்சுகளிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் வேறு இடத்தில் இருந்தார்.

பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மெர்வை ஜன்னலோர நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். கைகள் தலையணை மேல் கிடந்தன. டாரில் காபி வாங்கக் கீழே போயிருந்தான். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, லியன் சொன்னதை எல்லாம் சொன்னாள். ஏழையும் கொடுத்துவிட்டதையும் சொன்னாள்.

"நல்லா... தின்னுச்சா?" என்றார் மெர்வ்.

"கடைசி வரைக்கும் நல்லாத் தின்னுச்சு." அவள் ஸ்டூலை இன்னும் கிட்ட இழுத்தாள். "யோவ், நான் வேலைக்குப் போனா சாயங்காலம்தானே வருவேன். ஒன் கைக்கு எட்டுற தூரத்துல சுவிட்ச். போட்டிருந்தா எனக்குத் தெரியவா போகுது? ஏன்யா போடல?"

அவர் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்தார். "ஒண்ணு செத்தாலும்... நீ அழுவ."

நோலீன் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தனக்காக அவர் சகித்துக்கொண்டார் என்பது அவளுக்கு முன்பே தெரியும். எதற்காக என்பதை இவ்வளவு லேசாக அவர் சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"டாரில்கிட்ட சொல்லப் போறேன்," என்றாள். "டாக்டர்கிட்ட அவன வெச்சுக்கிட்டே பொய் சொன்னேன், ஃபேன் ஓடுச்சுன்னு. இன்னும் அவன் முதலையத்தான் திட்டிட்டிருக்கான்."

"வேணாம்."

"சொல்லணும் மெர்வ்."

"முதலைன்னே... இருக்கட்டும்."

டாரில் இரண்டு காபியோடு உள்ளே வந்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்து நின்றான். "என்னாச்சு? ரிசல்ட் வந்துச்சா?"

"வந்துச்சு. உக்காரு," என்றாள் நோலீன். அவன் உட்காரவில்லை. அவள் எழுந்து நின்று சொன்னாள். நின்று சொன்னால்தான் சொல்லி முடிக்க முடியும் போலிருந்தது. "முதலை இல்ல. சதுப்புக் கொசு. ஒங்கப்பாவ அது தின்னதுக்குக் காரணம், மார்ச்சுலேருந்து கீழ ஃபேன் ஓடல. குஞ்சுக்குக் குளிரும்னு நான்தான் நிறுத்தச் சொன்னேன். கொசுவர்த்தியும் வேணாம்னேன். டாக்டர்கிட்ட..."

"பொய்," என்றார் மெர்வ்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றியில் வேர்த்தது. ஒவ்வொரு சொல்லாக அடியிலிருந்து தூக்கி வெளியே வைத்தார்.

"அவ... ஒண்ணும்... சொல்லல. எனக்கு... ஃபேன் சத்தம்... ஆகாது. நான்தான்... நிறுத்தினேன். என்... தப்பு."

நோய் வந்த பிறகு அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. பேசி முடித்ததும் தலை பின்னால் சாய்ந்துவிட்டது.

"யோவ், சும்மா இரு. டாரில், அவரு எனக்காக..."

டாரில் கையை உயர்த்தி அவளை நிறுத்தினான். காபிக் கோப்பைகளை மேசை மேல் வைத்தான். வீட்டில் மின்விசிறி ஓடாத அறையில் அப்பா தூங்கி அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை. சின்ன வயதில் அதன் சத்தத்தைத் தாண்டித்தான் அவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தது. அவன் குனிந்து, நழுவியிருந்த அப்பாவின் வலது கையை எடுத்து மறுபடி தலையணை மேல் வைத்தான்.

"சரிப்பா," என்றான். "உன் தப்புதான்."

மெர்வ் கண்ணை மூடிக்கொண்டார். டாரில் துணியை நனைத்து அவர் நெற்றி வேர்வையைத் துடைத்தான், காபியில் உறிஞ்சுகுழல் போட்டு அவர் வாயில் வைத்தான், அவர் குடித்து முடிக்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு, அம்மாவைக் கடந்து, அவளைப் பார்க்காமல் வெளியே போனான். அன்று மத்தியானமே கேத்ரினுக்கு வண்டியைக் கிளப்பிவிட்டான். வீட்டில் இருந்த தன் துணிப்பையை எடுக்கக்கூட வரவில்லை.